நாங்களே செய்துகொள்கிறோம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் முழங்கால் வலியைச் சாக்காக வைத்துக் காய்கறி வாங்கப் போவதையே விட்டுவிட்டார்.

எத்தனை முறை போன் செய்தாலும் நீ எடுப்பதில்லை. ஆராய்ச்சி மானியத்துக்கு விதி எழுதிய அதிகாரி, மானியம் கேட்டிருக்கும் அக்காவோடு பேசினால் ஊர் வாயை மூட முடியாது. புரிகிறது. ஆனாலும் வயிறு எரிகிறது.

அந்த விதியை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முதலில் சொன்னாய். தனியார் தானாகவே செய்யப்போகும் ஆராய்ச்சிக்கு வரிப்பணம் எதற்கு, பலன் எல்லோருக்கும் போய் லாபம் யாருக்கும் தேறாத வேலைக்குத்தான் அரசு கொடுக்க வேண்டும் என்றாய். பொருளாதாரம் படித்தது வீண்போகவில்லை என்று கைதட்டியவளே நான்தான்.

பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் கிருமி இருப்பதை ஒரு சொட்டில் காட்டிவிடும் என் காகிதப் பட்டை அந்த ரகம்தானே? யார் வேண்டுமானாலும் மலிவாகச் செய்துகொள்ளலாம். பெரிய பரிசோதனைக் கருவி விற்கும் கம்பெனிக்காரர் போன வருடம் வந்து பார்த்துவிட்டு, "இதுல எங்களுக்கு என்ன மேடம் மிஞ்சும்?" என்று சிரித்துக்கொண்டே போனார். இப்போது அதே கம்பெனி, இதை நாங்களே செய்துகொள்கிறோம் என்று உங்கள் மானியக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. உன் விதிப்படி என் விண்ணப்பத்தை நிறுத்திவைத்துவிட்டார்கள். பட்டை வந்தால் அவர்கள் கருவி விலைபோகாது; அவர்கள் செய்யவும் மாட்டார்கள், செய்ய விடவும் மாட்டார்கள்.

மேல்முறையீடு செய்தால் தம்பி தயவு என்பார்கள். சும்மா இருந்தால் பணமில்லை என்று மாதக் கடைசியில் ஆய்வக ஃப்ரீசரை நிறுத்திவிடுவார்கள், சேர்த்துவைத்த ரத்த மாதிரிகள் எல்லாம் பாழ். கம்பெனியே என்னை வேலைக்குக் கூப்பிடுகிறது. போனால் பட்டையைத் தொடக் கூடாதாம். ஆய்வகத்தில் உட்கார்ந்து அந்த ஃப்ரீசர் உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் தம்பி.

உன் விதியில் ஓட்டை எங்கே என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சொல்வதற்குச் செலவில்லை என்றால் யாரும் எதையும் சொல்வார்கள். நாங்களே செய்கிறோம் என்பவர்கள் ஒரு பிணைத்தொகை கட்டட்டும், செய்யாவிட்டால் அது அரசுக்கு. பாதிப் பேர் அன்றைக்கே பேசாமல் போய்விடுவார்கள். ஆனால் என் விண்ணப்பம் அங்கே கிடக்கும்வரை இதைப் பற்றி நீ வாய் திறக்க முடியாது.

அதனால் நேற்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அழுதேன், மறைக்கவில்லை. என் பட்டை போனாலும் இனி மானியம் கேட்டு வருகிறவளின் ஆராய்ச்சியாவது பிழைக்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். இனி அக்கா போன் செய்தால் எடுக்கலாம். ஒரு தப்பும் இல்லை.

உன் அக்கா