யாரும் உரக்கச் சொல்லாத வாக்கியம்

திருவண்ணாமலை
ஞாயிறு மாலை

கஸ்தூரிக்கு,

எழிலரசி எழுதுகிறேன். ஓசூரில் நீயும் அருண்பிரசாத் அண்ணனும் ஓவியாவும் புது வீட்டில் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். நன்றாகவே இருங்கள். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பியதை எல்லாம் படித்துவிட்டாய் என்று மட்டும் தெரிகிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. போன பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. உன் இடத்துக்கு யமுனா என்று ஒரு புது டீச்சர் வந்திருக்கிறாள். நல்ல பெண். உன் நாற்காலியில் உட்காரலாமா என்று என்னிடம் வந்து கேட்டாள். உட்காரும்மா என்றேன்.

பதினொன்றாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கலந்துரையாடல் கூடாது என்று உத்தரவு. திங்கட்கிழமை நாட்குறிப்பு எழுதுவதும் நின்றுவிட்டது. இனிமேல் கதையை வாசிப்பது, புத்தகத்தின் பின்னால் இருக்கும் கேள்விக்கு விடை எழுதுவது, அவ்வளவுதான். பிள்ளைகள் முதல் வாரம் ஏன் மிஸ் என்று கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

நாம் அந்த வெள்ளிக்கிழமைக் கேள்விகளை எழுதிய சனிக்கிழமைகளை நீ மறந்திருக்க மாட்டாய். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் அந்த டீக்கடையை நீதான் கண்டுபிடித்தாய். பள்ளிக்கூடத்து ஆள் ஒருத்தரும் அங்கே எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்றாய். சுற்றிலும் வெளிநாட்டுக்காரர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நாம் இரண்டு பேர்தான் சத்தம் போட்டுக்கொண்டிருப்போம். ஆசிரியர் கூறும் கருத்து யாது என்று கேட்டால் நோட்ஸில் இருப்பதைத்தான் எழுதுவார்கள், அவர்கள் மனதிலிருப்பதை எப்படிக் கேட்பது என்பதுதான் நம் சண்டை. இந்தக் கதையில் வரும் யாருடன் நீ பேச மாட்டாய், ஏன் என்று நான் ஒன்று எழுதினேன். கதை முடிந்த மறுநாள் காலை அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தது யார் என்று நீ எழுதினாய். உன்னைப்போல எனக்குக் கேட்க வராது என்று அன்றைக்கே சொன்னேன்.

உன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் உரக்கச் சொல்லாத வாக்கியம் எது? இதுவும் உன் கேள்விதான். எனக்குப் பயமாக இருந்தது. பதினாறு வயசுப் பிள்ளைங்க, வேணாம்டி என்றேன். பிள்ளைங்களை நம்பாம என்னத்த இலக்கியம் நடத்தப் போற என்று நீ என்னைக் கேட்டாய். விருப்பமில்லாதவர்கள் பதில் சொல்ல வேண்டாம், வகுப்பில் பேசியது வகுப்போடு போகட்டும் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம்.

தங்கையின் பங்கு நிலத்தை அண்ணன் விற்றுவிடுகிற கதையை நடத்திய அன்று அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் ஜினசேனன் எழுந்து, எங்க அப்பா பாடுவாரு மிஸ், நல்லா பாடலன்னு யாருமே சொல்ல மாட்டோம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே வள்ளி எழுந்தாள். அடிஅண்ணாமலை ஊர்க்காரர் ஆதிமூலத்தின் பெண், கடைசி பெஞ்சு. எங்க அக்கா செத்துப்போய் ஆறு மாசம் ஆவுது, பரீட்சை முடிஞ்சதும் அக்கா வீட்டுக்காரருக்கே என்னைக் கட்டிவெக்கப் போறாங்க, குழந்தையைப் பாத்துக்கறதுக்கு, ஆனா வீட்ல யாரும் அதை வாய்விட்டுச் சொல்லல, புடவை மட்டும் எடுத்துவெச்சிருக்காங்க என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

மணி அடித்தபிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். உனக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, நர்சிங் படிக்கணும் மிஸ் என்றாள். இதை அதிகாரிகளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அவளிடம் மறைக்காமல் சொன்னேன். யோசித்துவிட்டு, சொல்லுங்க, ஆனா எங்க அப்பாவுக்கு முன்னாடியே தெரியக் கூடாது, தெரிஞ்சா என்னை எங்கியாவது கொண்டு போயிடுவாரு என்றாள். தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன்.

உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ அழுதுவிட்டாய். திங்கட்கிழமை காலையில் ரெண்டு பேரும் வேங்கிக்கால் போய் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸில் சொல்லிவிடலாம், தனியாகப் போகாதே, நானும் வருகிறேன் என்றாய். திங்கட்கிழமை நீ வரவில்லை. வள்ளியும் பள்ளிக்கு வரவில்லை.

நீ முந்தின நாளே தாளாளர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டதும், அவர் ஆதிமூலத்துக்குப் போன் போட்டு, உங்க பெண் வகுப்புல என்னென்னவோ பேசுது, எங்க டீச்சர் வேற ஆபீசுக்குப் போகப் போறாங்களாம், கண்டிச்சு வைங்க என்று சொன்னதும் அப்போது எனக்குத் தெரியாது. நான் தனியாக ஆட்டோ பிடித்து வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் இருக்கிற குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போனேன். அவர்கள் நல்லபடியாகக் கேட்டுக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குப் போனார்கள். அதற்குள் அவளைப் போளூரில் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கண்டுபிடித்துக் கூட்டி வருவதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது. கல்யாணத்தை அந்த வாரமே முடித்துவிட ஏற்பாடு நடந்திருக்கிறது. எல்லாம் நின்றது. பதினெட்டு வயசு ஆகும்வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று ஆதிமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வள்ளி இப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

பள்ளியில் என்னை விசாரித்த அன்று நீ எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தாய். கஸ்தூரி மேடம் வந்து சொல்லலன்னா நம்ம பள்ளிக்கூடம் பேப்பர்ல வந்திருக்கும் என்று தாளாளர் உன்னை மெச்சிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இந்தக் கேள்வியை எழுதியது யார் என்று அவர் கேட்டார். எழில் மிஸ்தான், எனக்கு அப்பவே இஷ்டமில்ல என்றாய். என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். அடுத்த நிமிஷம் நீயே மாற்றிச் சொல்லிவிடுவாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். எனக்கு மெமோ வந்தது. உனக்கு ஓசூரில் இருக்கும் நம் நிர்வாகத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது.

அந்த மாற்றலுக்காக நீ எத்தனை வருஷம் அலைந்தாய் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் ஓசூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரி உங்களைப் பார்க்க வந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமே பஸ் ஏறிப் போவதையும், ஓவியா ஸ்டாண்டில் நின்று அழுததையும் கூட இருந்து பார்த்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்காகத் தாளாளர் காலில்கூட விழுந்திருப்பேன். நீ வேறு வழியாகப் போனாய். ஒருவேளை அவர் கேட்டுப் பயந்துபோய்ச் சொன்னாயோ, அவள் வீட்டில் பேசியே தீர்த்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தாயோ. எத்தனையோ விதமாக உனக்காக நானே யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஃபேன்தான் கண்ணில் நிற்கிறது.

போன வாரம் வேலூர் போய் வள்ளியைப் பார்த்தேன். உனக்கு இதை எழுதவேண்டும் என்று உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கொய்யாப்பழம் கொண்டு போயிருந்தேன், வாங்கிக்கொண்டாள். அக்கா குழந்தையைப் பார்க்க விடமாட்டோம் என்கிறார்களாம், அம்மா போனில் பேசுவதில்லையாம். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே மிஸ் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போளூர்ல ரூம்ல பூட்டி வெச்சிருந்தாங்க, மூணு நாளும் உங்களத்தான் நெனச்சிட்டு இருந்தேன், நான் நல்லா படிப்பேன் மிஸ், ஆனா இனிமே யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன் என்றாள்.

உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. உன்மேல் இருக்கும் பிரியத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. பத்தாம் வகுப்பில் உன்னைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு டீச்சரையும் அவள் இழக்க வேண்டாம், ஒருத்தியோடு போகட்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது, அது எனக்குத் தாங்காது என்று புரிந்தது.

மெமோவுக்கு நான் பதில் கொடுத்துக்கொள்கிறேன். கேள்வி உன்னுடையது என்று நீ யாரிடமும் சொல்ல வேண்டாம், அதை நானே வைத்துக்கொள்கிறேன். எனக்கு நீ பதில்கூடப் போட வேண்டாம். வள்ளிக்கு மட்டும் ஒரு கடிதம் எழுது. ஹாஸ்டல் விலாசத்தை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காரணம் எதுவும் சொல்லாதே, அண்ணனைப் பற்றியும் மாற்றலைப் பற்றியும் எழுதாதே. வள்ளி, உன் வீட்டுக்குத் தெரிய வந்தது என்னால், எழில் மிஸ்ஸால் அல்ல என்று எழுது. அதற்கப்புறம் உன்னை மன்னிப்பதும் மன்னிக்காமல் போவதும் அவள் இஷ்டம். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வாழப் பழகிக்கொள்வதற்கு முன்னால் அவள் கைக்கு அது போய்ச் சேர வேண்டும்.

ஓவியா அடுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு வருகிறாள் இல்லையா? குழந்தையை நான் கேட்டதாகச் சொல். மனசில் இருப்பதைப் போய்ச் சொல்ல அவளுக்கு அங்கே ஒரு நல்ல டீச்சர் கிடைக்கட்டும். அந்த டீச்சருக்கு ஒரு நல்ல சிநேகிதி இருக்கட்டும்.

என்றும் உன்னை அறிந்த,
எழில்