மூலை நாற்காலிப் பேய்

அன்புள்ள அக்கா,

போன வாரம் ரயிலடிப் பக்கம் போனபோது கற்பூர வாசனை வந்தது. கோயில் ஊரில் அதென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வாசனை வந்தது பூட்டிக்கிடந்த நம் தியேட்டரிலிருந்து. கல்யாண மண்டபம் கட்ட இடிக்கிறார்கள். கூரை போய்விட்டது, திரை இருந்த சுவரும் இல்லை. பெண்கள் பக்கத்துக் கடைசி மூலையிலிருந்த இரும்பு நாற்காலி மட்டும் அப்படியே நின்றது. அதைத் தொட ஆட்களுக்குப் பயம். எதிரே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்தப் பேய் யாரென்று நம் இருவருக்குத்தான் தெரியும். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். பேய் நான் இன்னும் இருக்கிறேன்.

அப்போது நீங்கள் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தீர்கள். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி, பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறி வந்த எனக்குப் போக்கிடம் இல்லை. மேட்னிக் கூட்டத்தோடு உள்ளே நுழைந்தேன். ஏதோ தெலுங்குப் படம். முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தீர்கள். "இங்கியே குந்தும்மா. யாரும் வரமாட்டாங்க," என்றீர்கள்.

யாரும் வராமலிருக்க நீங்கள் செய்த வேலை இருக்கிறதே! புதுப் படம் வந்தால் முதல் ஆட்டத்துக்கு முன் திரைக்குக் கற்பூரம் காட்டுவது அங்கே வழக்கம். காட்டியவரிடம், "அப்டியே அந்த மூலைக்கும் காட்டிடுங்க. அங்க ஒரு பொம்பள அழுதுகினே கீது," என்று சொல்லிவிட்டீர்கள். பொய்யென்று சொல்ல முடியாது, அழுதது நான்தானே. அன்றிலிருந்து எவ்வளவு கூட்டமானாலும் அந்த நாற்காலி காலி. வேறு வழியின்றி வீடு திரும்பினாலும், அடி விழுந்த நாளெல்லாம் அது எனக்கு.

ஒருநாள் என் வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்தார். நீங்கள் தடுக்கவே இல்லை. "உள்ள போய்ப் பாத்துக்குங்க. மூலைப் பக்கம் மட்டும் போவாதீங்க, அவ்ளோதான் சொல்வேன்," என்று கதவைத் திறந்துவிட்டீர்கள். இருட்டில் என் வெளுத்த முந்தானை அசைந்ததும் மனுஷன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். அதன்பின் பேயைக் கண்ணால் கண்டதாக ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான். என்னை அவ்வளவு அடித்தவர் என்னைப் பார்த்து ஓடியதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அந்த வாரமே ஆர்.கே.பேட்டையில் உங்கள் தங்கை வீட்டில் என்னைச் சேர்த்தீர்கள். "இனிமே பேய் இல்லன்னு சொல்லிடுவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் சொல்லணும்? நாளிக்கி இன்னொருத்தி வந்தா சீட்டு வாணாவா?"

அன்று நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "அம்மா, அது பேய் சீட்டுமா, எழுந்திருங்க!" என்று ஒருவர் கத்தினார். "ஆங், தெரியும்பா. நானே எடுத்துகினு போறேன்," என்றேன். விட்டால் போதுமென்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது அது என் தையல் கடையின் மூலையில் இருக்கிறது. கதை தெரிந்தவர்கள் நின்றபடியே துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உண்மை நாக்கு நுனி வரை வருகிறது, சொல்வதில்லை. சீட்டு காலியாகவே இருக்கிறது, அக்கா.