வெள்ளை உறை போட்ட ஸ்டேஷன் வேகன்

அக்டோபர் 14, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை. நேற்று மாலை ஸ்டேஷன் வேகன் வந்து சேர்ந்தது. மில் மேனேஜர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிறார், வண்டியைக் கண்டவரிடம் விட மனமில்லாமல் என்னிடம் விற்றார். வண்டிக்கு வயது இருபத்தாறு. வெளிர்பச்சை. பின்னால் அலமாரி போலத் திறக்கும் இரட்டைக் கதவு. ஷெட்டுக்குள் முழுதாக அடங்கவில்லை, ஓரடி வெளியே நிற்கிறது.

குறைகள்: ரேடியேட்டர் ஒழுகல். இடது முன்கதவு உள்ளிருந்து திறக்காது. கடிகாரம் நாலு இருபதில் நின்றுவிட்டது. கையால் சுற்றிக் கிளப்பும் கிராங்க் ஹேண்டில் காணோம்.

மில்லில் இதை ஓட்டிய ஞானமுத்துதான் (இனி ஞா.) இங்கேயும் டிரைவர். "ஹேண்டில் எதுக்கும்மா. பேட்டரி புதுசு. ஒரே திருப்புல கிளம்பும்" என்கிறார்.

வாங்கியதற்குக் காரணம் ஒன்றே. சென்ற வருடம் கல்லறைத் திருநாளுக்கு பஸ்ஸில் போனேன். பசுவந்தனை வரை கம்பியைப் பிடித்தபடி. மாலை நசுங்கி, சேலையெல்லாம் சாமந்தி. என் கணவர் கல்லறை முன் அப்படி நிற்க வேண்டியதாயிற்று. இனி இல்லை.

அக்டோபர் 18, வியாழன்

புழுக்கம். சீட் உறை தைத்து முடித்தேன். வெள்ளை டிரில் துணி, மூன்று நாள், எல்லாம் கைத்தையல். கான்வென்டில் தையல் சொல்லித்தந்த சிஸ்டர் பார்த்திருந்தால்கூடப் பிரிக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

ஞா. தினமும் காலை 6 மணிக்கு எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விடுகிறார். பழைய வண்டி, விட்டால் இறுகிப் போகுமாம். எதிர்வீட்டுச் செல்லத்தாய், தீப்பெட்டி ஒட்டுகிறவள், சிரித்தாள்: "அம்மா வண்டி இரைஞ்சா மணி ஆறுன்னு பாத்துக்கிடுதோம்." அவள் புருஷன் மாடசாமிக்குக் காய்கறித் தள்ளுவண்டி. ஐந்துக்கே சந்தைக்குப் போய்விடுவான். மகள் பேச்சியம்மாள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

எண்ணெய்த் தட்டு வாங்க வேண்டும். தரையில் சொட்டு.

அக்டோபர் 22, திங்கள்

மூன்றாம் நாள் மழை. தெருவெல்லாம் கரிசல் சேறு. செருப்பு ஒரு படி கனக்கிறது.

மாலை 4. மாடசாமி நனைந்துகொண்டு வந்தான். மகளுக்கு வலி, ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும். துரதிர்ஷ்டம், பேட்டரி இறங்கிவிட்டது. "தள்ளி விடுதோம்மா" என்றான். இந்தச் சேற்றில் முடியாது. குடையும் பழைய போர்வையும் கொடுத்தேன். தள்ளுவண்டியிலேயே படுக்க வைத்துத் தார்ப்பாய் மூடிக் கொண்டுபோனார்கள்.

லேசான தலைவலி. கஞ்சி மட்டும்.

அக்டோபர் 23, செவ்வாய்

மழை வெறித்திருக்கிறது.

நேற்று எழுதியதில் ஒரு வரி பொய். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, அப்படியும் எழுதியிருக்கிறேன். பேட்டரிக்கு ஒன்றுமில்லை. நேற்றுக் காலைகூட ஆறு மணிக்கு வண்டி இரைந்தது. வெள்ளை உறைதான் காரணம். அவன் "வலி" என்றதும் உறைதான் கண்ணில் நின்றது.

கான்வென்டில் பொய் சொன்ன பிள்ளையை மதர் முட்டி போட வைப்பார். பதினோரு வருடத்தில் நான் ஒருநாளும் போட்டதில்லை. வேலைக்காரி சீனி விஷயத்தில் பொய் சொன்னாள் என்று மறுநாளே நிறுத்தியவள் நான்.

காலை ஷெட்டுக்குப் போனேன். பானெட் திறந்திருந்தது.

"என்ன செய்யுதீரு, ஞானமுத்து?"

"பேட்டரி வயரைக் கழட்டுதேன். நேத்து நீங்க அப்படிச் சொல்லிட்டீங்கள்லா."

"மாடசாமி வந்து பார்ப்பானா?"

"அவன் பாக்க மாட்டான். நீங்க சொன்னா அவனுக்கு அதுக்கு மேல கிடையாது. நமக்குத்தான்."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். சேதியும் அவர்தான் சொன்னார்: ரயில்வே கேட் அடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி. கேட்டிலேயே, தள்ளுவண்டி மேலேயே பிறந்துவிட்டது. பெண். இரண்டு உயிரும் நலம்.

நலம் என்றதும் முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி அவர்களுக்காக இல்லை.

அக்டோபர் 25, வியாழன்

வெயில். சேறு காய்ந்து மட்கார்டில் கல்லாகிவிட்டது. ஞா. வேப்பங்குச்சியால் சுரண்டுகிறார். ஆறு மணி இரைச்சல் இரண்டு நாளாக இல்லை.

மாடசாமி போர்வையைத் துவைத்து, மடித்துக் கொண்டுவந்தான். கூடவே கற்கண்டு.

"இது இல்லன்னா பிள்ளை நனைஞ்சிருக்கும்மா. இதுலதான் வாங்குனாவ."

நின்றவாக்கில் ஒரு துண்டு வாயில் போட வைத்தான். பிறகு, "பேட்டரி சரியாயிட்டா?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். "மதுரையிலிருந்து வரணும்" என்றேன். கற்கண்டு கரையவில்லை.

"அதுவரைக்கும் நான் எதுக்கு இருக்கேன். கல்லறைக்குப் போற அன்னைக்கு ஆள் கொண்டாந்து தள்ளி விடுதேன். பிள்ளைக்கு ஒரு பேரு மட்டும் எழுதித் தாங்க. படிச்சவிய கையால."

நவம்பர் 2, வெள்ளி

பனி. காலை 6. வயரை மாட்டச் சொல்லியிருந்தேன், பேட்டரி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. வெளியே வந்தால் மாடசாமியும் இரண்டு தம்பிமாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவில் கை வைத்து நிற்கிறார்கள். இதற்காகச் சந்தைக்குப் போகவில்லை. தெருவே பார்க்கிறது. மாலையோடு ஏறி உட்கார்ந்தேன். ஞா. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

தள்ளினார்கள். "ஏலே, தோளைக் குடு. கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்." "அண்ணாச்சி, இது பிளசர் காரா, ரயிலா?" சிரிப்பு. தெரு முக்கு வரை. மாடசாமிக்கு முழங்காலில் அடி, ரத்தம். முக்கில் ஞா. கிளட்சை விட்டார். வண்டி உறுமியது. பின்னால் கைதட்டல்.

மாலை நசுங்கவில்லை. ஜெபம் வரவில்லை.

நவம்பர் 3, சனி

மாடசாமியிடம் சொல்லிவிடுவது என்று போனேன். அவன் இல்லை. செல்லத்தாய் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை என் போர்வை நிறத்திலேயே ஒரு துணியில் தூங்குகிறது. நான் ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள்.

"எப்படி?"

"அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு இரைஞ்சுதுல்லா. எம்மவளுக்கு அப்பதான் மொத வலி. மணி பாத்தேன்."

கை நிற்கவில்லை. பசை, தாள், பசை.

"மாடசாமிட்ட நான் சொல்லணும்."

"சொல்லாதீங்க. எங்க தெரு அம்மா போர்வை குடுத்தாவன்னு சந்தையில அவிய ஒருத்தர் பாக்கியில்லாமச் சொல்லிக்கிட்டுத் திரியுதாவ. சொல்லிட்டு நீங்க பாரம் இறங்கி வீட்டுக்குப் போயிருவீங்க. அவிய எங்க கொண்டு இறக்குவாவ?"

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. அதுவும் நியாயம்.

வீட்டுக்கு வந்து பெயர் எழுதினேன். நாலு தாள் கிழித்து, ஐந்தாவதில் கையெழுத்து சரியாக வந்தது.

நவம்பர் 4, ஞாயிறு

மேகம். ஆறரை பூசைக்குக் கிளம்பினேன். பெயர்த் தாள் கைப்பையில். பின்கதவில் மாடசாமியும் ஒரு தம்பியும். முழங்காலில் துணிக் கட்டு. அந்தக் கட்டைப் பார்த்திராவிட்டால் செல்லத்தாய் சொன்னபடியே இருந்திருப்பேன்.

"ஞானமுத்து, சாவியைத் திருப்பும்."

திருப்பவில்லை. "அம்மா" என்றார்.

"திருப்பும்."

ஒரே திருப்பு. கிளம்பிவிட்டது.

மாடசாமி சிரித்துக்கொண்டே என் பக்கக் கண்ணாடிக்கு வந்தான். "புதுசு வந்துட்டாம்மா?"

"பழசுதான். அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன். உறை அழுக்காயிரும்னு."

உறையைப் பார்த்தான். தம்பி இன்னும் பின்கதவில் கை வைத்தபடி நின்றான், எஞ்சின் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது.

"சரிம்மா. பூசைக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க" என்றான் மாடசாமி. தம்பியிடம், "ஏலே, கையை எடு."

எதிர்வாசலில் செல்லத்தாய். பெட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மாலை 5 வரை வீட்டு வாசல் கேட் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பெயர் கேட்டு யாரும் வரவில்லை.