ஆறு மணிக்கு உன் அம்மா நின்ற இடம்

காரைக்குடி,
12.8.96

அன்புள்ள தாயி மரிய அனிதாவுக்கு உன் தாய்மாமன் மரியசூசை ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். வீட்டில் எல்லாரும் சுகம் என்று வழக்கமாக எழுதுகிறவன் இந்தத் தடவை என்னோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீ ஹாசனுக்குச் செயற்கைக்கோளைக் கட்டிக் காக்கும் வேலைக்குப் போனதிலிருந்து ஊரில் எனக்குள்ள மதிப்பு உனக்குத் தெரியாது. என் மருமகள் பொத்தானை அமுக்கினால்தான் சிவகங்கை ஜில்லாவுக்கே டிவி தெரியும் என்று பஸ் ஸ்டாண்டில் சொல்லி வைத்திருக்கிறேன், தாசில்தாரே எழுந்து நின்று டீ வாங்கிக் கொடுத்தார். எட்டாம் வகுப்பானாலும் விஞ்ஞானத்தில் எனக்குப் பிடி உண்டு. அந்தப் பிடியில்தான் இரண்டு வருஷத்துக்கு முன் உன் அம்மா உன்னை நினைத்து அழுதபோது, அழாதேக்கா, சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கோள் நம் வீட்டுக்கு நேர் மேலே நிற்கும், முற்றத்தில் நின்றால் உன்னைப் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு தினமும் ஆறு மணிக்குத் துவைகல் பக்கத்தில் அண்ணாந்து நிற்பாள். கேபிள்காரன் செம்மலை மட்டும், ஏண்ணே இப்பிடிப் பொய் சொல்றீக, அது படத்தை வாங்கி அனுப்புறது, ஆளைப் பாக்குறது இல்லைன்னு சொல்லிருங்க என்றான். நான்தான் அவனை அதட்டி அனுப்பினேன்.

தாயி, அக்காவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. மூன்று மாதமாகப் படுக்கை, வயிறு வீங்கி மற்றதெல்லாம் வற்றிவிட்டது. டாக்டர் வாரக் கணக்கில்தான் சொல்கிறார். உனக்கு எழுதுகிறேன் என்று ஒவ்வொரு தடவை பேனாவை எடுத்தபோதும் தடுத்துவிட்டாள். நான் எலும்பாக் கெடக்குறதைத் தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கா, வர முடிஞ்சா வந்திருக்க மாட்டாளா, தொந்தரவு பண்ணாத தம்பி என்றாள். கட்டிலை முற்றத்தில் போடச் சொல்லி ஆறு மணிக்குக் காத்துக் கிடந்தாள். நேற்று முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வேலை நேரத்துல பிள்ளை இந்த மூஞ்சியைப் பாத்துக் கலங்க வேண்டாம் என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவள் காலைப் பிடித்து, அக்கா நான் சொன்னது பொய், அங்கிருந்து எதுவும் தெரியாது, பிள்ளைக்கு உன் நோயே தெரியாது என்று அழுதேன். அவள் சிரித்தாள். அவ வரலைன்னு நான் வருத்தப்படக் கூடாதுன்னு இப்பப் பொய் சொல்றே, உன்னை எனக்குத் தெரியாதாடா என்றாள். வாழ்நாளில் ஒரே ஒரு உண்மை சொன்னேன், அதை நம்ப ஆளில்லை.

தந்தி கொடுத்தால் வேறு மாதிரி நினைத்துப் பதறுவாய் என்றுதான் கடிதம். இது கிடைத்ததும் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டு வா. மதுரை ஸ்டேஷனில் என் பெயரைச் சொன்னால் எந்த வண்டியிலும் இடம் கொடுப்பார்கள், ஆனாலும் நீ டிக்கெட் எடுத்துக்கொள். வழியில் வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் கேட்கிறேன், மாமனைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்காதே. வந்ததும் அவள் முகத்திலிருந்து முந்தானையை எடுத்து, உன் தம்பி பொய்யன், நான் உன்னை ஒரு நாளும் பார்க்கவில்லை அம்மா என்று சொல்லு. உன் வாயால் சொன்னால்தான் நம்புவாள்.

மாதா உனக்குத் துணை வரட்டும்.

உன் மாமன்,
செ. மரியசூசை