குளிப்பாட்டியவன் கண்டது

ஆம்பூர்
12.10.2025

அன்பு மகள் ஹஃப்ஸாவுக்கு அப்பாவின் சலாமும் துஆவும். அங்கே நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம், நலம் என்று எழுதப் பேனா வரவில்லை, இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். உன் அம்மிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால் வலிதான் ஜாஸ்தி, நாற்காலியில் உட்கார்ந்தே தொழுகிறாள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த இரண்டு ரூம் வீட்டில் நான் போனில் பேசுவது அவள் காதில் விழாமல் போகாது. உருதுவில் எழுதினால் எடுத்துப் படித்துவிடுவாள், தமிழ் அவளுக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான், அதனால் தமிழில் எழுதுகிறேன். என்னோடு தோல் டேனரியில் இருந்த முனிரத்தினத்தின் மருமகன் நாளை ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெயில் ஆபீஸிலிருந்து பதில் வந்ததா என்று நீ வாரா வாரம் கேட்டாய், நானும் வரவில்லை என்றே சொல்லிவந்தேன். பொய் சொன்னேன் அம்மா. வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள் என்று நீ பிடிவாதம் பிடித்ததால்தான் நான் ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதல் தடவை விசாரணை நிலுவையில் இருப்பதால் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வக்கீல் கிறிஸ்டினா மேடம் மேல்முறையீடு எழுதிக் கொடுத்த பிறகு இப்போது பதினேழு பக்கம் வந்திருக்கிறது, பக்கத்துக்குப் பக்கம் உண்மை நகல் என்று சீல் வேறு. பைக் திருட்டு கேஸ் என்று நம் தபரேஸைப் பிடித்துக்கொண்டு போய், பதினோராம் நாள் மய்யித்தாகக் கொடுத்தார்களே, அந்தப் பதினோரு நாளுக்கு இந்தப் பதினேழு பக்கம். உள்ளே சேர்த்த அன்று டாக்டர் எழுதியது, உடலில் காயம் ஏதும் இல்லை, நல்ல ஆரோக்கியம். செத்த பிறகு எழுதியது, மூச்சுத் திணறலால் மரணம், வெளிக்காயம் ஏதும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது என்னுடைய கையெழுத்து.

அதை இரண்டு வருஷமாக உன்னிடம் மறைத்திருக்கிறேன். அன்று வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில் காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறோம், உன் அம்மி ஜும்மாவுக்குள் பிள்ளையை மண்ணில் வைக்கவேண்டும் என்று அழுதுகொண்டே இருக்கிறாள். ஒரு ஆபீசர் வந்து, இதுல ஒரு கையெழுத்து போட்டா பத்து மணிக்கெல்லாம் குடுத்துடுவாங்க பாய், இல்லன்னா சனி ஞாயிறு லீவு, திங்கக்கிழமைதான் ஆவும் என்றார். மூன்று நாள் பிள்ளையை அந்த ஐஸ் பெட்டிக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவதா? படிக்காமல் போட்டேன். மகன் சாவில் சந்தேகம் இல்லை, மறுபடி பரிசோதனை வேண்டாம், யார் மீதும் புகார் இல்லை என்று அதில் இருக்கிறது. இனி கோர்ட்டில் இதைத்தான் முதலில் நீட்டுவார்கள் என்று கிறிஸ்டினா மேடம் சொல்கிறார்கள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அவனைக் குளிப்பாட்டியது நானும் பள்ளிவாசல் தவ்ஃபீக் ஹஜ்ரத்தும்தான். இரண்டு உள்ளங்காலும் ரத்தம் கட்டிக் கறுத்துக் கிடந்தது. தொடைக்குப் பின்னால் விரல் அகலத்துக்குக் கோடுகள், வலது பக்கம் ஐந்து, இடது பக்கம் மூன்று. சிலது மஞ்சளாகிவிட்ட பழசு, சிலது புதுசு, ஒரே நாளில் பட்டதில்லை. நான் டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற செலக்டர். ஒரு தோலில் எந்தத் தழும்பு உயிரோடு இருக்கும்போது பட்டது, எது செத்த பிறகு கத்தி இழுத்தது என்று தொட்டுச் சொல்லத்தான் முப்பத்தெட்டு வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். என் பிள்ளை மேல் கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தண்ணீர் ஊற்றினேன், கஃபன் துணி சுற்றினேன், வெளியே வந்து வாய் திறக்கவில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவன் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான், அதையே பிடித்துக்கொண்டேன். பயமும்தான், இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

போன ஜும்மா முடிந்து, கண்டதை வெளியே சொல்லலாமா என்று ஹஜ்ரத்திடம் கேட்டேவிட்டேன். அவர், உங்க பையன் குறை எதுனா இருந்தா மூடணும் பாய், அடிச்சவனுங்க குறையை இன்னாத்துக்கு மூடுறீங்க, பெத்தவர் நீங்க வாய் தொறப்பீங்கன்னு நானும் இத்தனை நாளா பார்த்துக்கினு இருக்கேன் என்றார். வருகிற வியாழக்கிழமை நாங்கள் இருவரும் பிரமாண வாக்குமூலம் கொடுக்கப்போகிறோம். அதற்கு முன் அம்மியிடம் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டும்போது பிள்ளை எப்படி இருந்தான் என்று அன்றே என்னிடம் கேட்டாள், தூங்குகிற மாதிரி இருந்தான், வலியே தெரியாமல் போயிருக்கிறான் என்று சொன்னேன். அதை வைத்துக்கொண்டுதான் அவள் சோறு தின்கிறாள். புதன்கிழமை மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் சொல்வேன், அந்த நேரம் நீ போனைக் கையிலேயே வைத்திரு, அவள் என்னோடு பேசமாட்டாள், உன்னைத்தான் கூப்பிடுவாள்.

நீ வேளைக்குச் சாப்பிடு, குழந்தையை ஏசிக்கு நேராகப் படுக்கவைக்காதே. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் ஈமானும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, படித்துவிட்டு இதைக் கிழித்துப் போடாதே. மேலே தேதி போட்டிருக்கிறேன், இந்தத் தடவை ஒவ்வொரு வரியும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வயது அறுபத்தேழு, வீட்டுக்கு யார் யாரோ வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வியாழக்கிழமை நான் போகாமல் பின்வாங்கிவிட்டால், என்னைக் கேட்காதே, இதை எப்படியாவது கிறிஸ்டினா மேடத்திடம் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
சர்தார் பாஷா,
இறந்துபோன தபரேஸின் தகப்பன்