வெந்நீரில் கழுவிய கருப்பை

டாக்டர்,

இன்று காலை நான் ஒரு முக்கியமான முடிவை எடுத்தேன். கறிக்கடையில், "கழுவி மஞ்சப்பொடி போட்டுத் தரவா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்த பிறகு, வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று அறிவித்தேன். முன்னால் நின்றவர் வாங்கிய கறியின் மஞ்சள் வாசம் வீடுவரை கூடவே வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்கள் சங்கரன்கோவிலில் மாட்டாஸ்பத்திரி டாக்டர். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். உங்கள் பிஎச்.டி. ஆராய்ச்சியை டைப் அடிப்பதோடு, ஞாயிறுதோறும் கறி வாங்கப் போகிறவன் என்பதால், அறுத்த ஆட்டின் கருப்பையை ஃபார்மலின் புட்டியில் போட்டுக் கொண்டுவரும் பொறுப்பும் எனக்கு வந்தது.

நாய் விரட்டிய ஆட்டுக்குச் சினை தங்காது என்று ஆடு மேய்ப்பவர்கள் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். "பயந்தா நரம்பு முனையில ஒரு சாறு கசியும்வே. பக்கத்துல காவலுக்கு நிக்குத அணுவுக்கு அதான் தாக்கல், சேதி. உடனே மடியில உள்ள மணியை எல்லாம் அவுத்துக் கொட்டிரும், கரு நிக்காது." அந்த உயிரணு கருப்பையில் நரம்பை ஒட்டி நிற்பதை முதலில் காட்ட வேண்டும்.

"கழுவாம போடும்" என்று மூன்று முறை சொன்னீர்கள். படித்த மனிதரிடம் ரத்தமும் சளியுமாக ஒன்றைக் கொடுப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. மஞ்சள் தேய்த்து, வெந்நீரில் அலசி, மஞ்சள் தெரியாமல் மறுபடியும் அலசிக் கொடுத்தேன். நாலு மாதம் மைக்ராஸ்கோப்பில் உங்கள் கண்ணுக்கு அந்த அணு தட்டுப்படவில்லை. திசுவுக்கு ஏற்றும் சாயத்தைக் குற்றம் சொல்லி இரண்டு முறை மாற்றினீர்கள்.

ஒருநாள் பேச்சுவாக்கில், "வெந்நி பட்டா அத்தனையும் கூழாயிரும்வே" என்றீர்கள். தகுந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, நிரூபிக்க முடியவில்லை, பிஎச்.டி. பதிவை விலக்கிக்கொள்கிறேன் என்று உங்கள் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நீங்கள் எழுதியதை நானே டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை. பாராட்டினீர்கள்.

அந்த ஞாயிறு கழுவாமல் கொண்டுவந்தேன். நீலச் சாயத்துக்கு நடுவே ஊதா மணிகள் நிறைந்த காவல் அணுக்கள், நரம்பை ஒட்டியே நின்றன. அப்போதுதான் சொன்னேன். நீங்கள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயந்தா ஆட்டு நரம்பு அந்தானைக்கே சொல்லிருதுவே. உமக்கு ரெண்டு வாரம் ஆகுது, என்ன?"

பிறகு அதைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை. உங்கள் பதினாறாம் நாளன்று உங்கள் மகள் அந்த அணுக்கள் தெரிந்த கண்ணாடித் தகட்டை என்னிடம் கொடுத்தாள். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஊதா வெளுத்துவிட்டது.

பேராசிரியரின் பதில் அந்த ஞாயிறு கழிந்த புதன்கிழமையே வந்தது. பதிவு ரத்தாகியிருந்தது.