குனிந்து நுழையும் வீடு

என் செல்ல அப்பாவுக்கு,

இங்கிலாந்துக்குப் போய்விட்டு வந்தேன். ஆபீஸ் வேலையாக மூன்று வாரம். நீ இருந்திருந்தால் ஏரவாடாவில் நம் தெரு முழுக்கப் பேடா கொடுத்திருப்பாய்.

கடைசி சனி, ஞாயிறு எங்கள் குழு ஒரு பழைய கிராமத்தில் வீடு எடுத்துத் தங்கியது. கல்சுவர், வைக்கோல் கூரை, நானூறு வருடத்து வீடாம். வாசல் நம் வாசலைப் போலவே தாழ்வு. வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு மேலிருந்த உத்தரத்தைத் தடவிக்காட்டிப் பெருமைப்பட்டார். அதை உயர்த்தவே கூடாதாம், சட்டமாம். நம் வாசலை உயர்த்தச் சொல்லி நான் உன்னை எத்தனை முறை நச்சரித்திருப்பேன்? "சுவரு தாங்காதும்மா" என்பாய்.

என்னோடு வேலை செய்யும் கேதகி வந்ததுமே நெற்றியில் இடித்துக்கொண்டாள். அதற்கும் ஒரே சிரிப்பு, போட்டோ. குனிய வேண்டியிருந்ததில் யாருக்கும் குறையில்லை. அடுத்து நிதின் நுழைந்தபோது என் கை தானாகப் போய் உத்தரத்தின் அடியில் நின்றது. நம் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் தாழ்ந்து நிற்கும் கூரைத் தகரத்தின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு "தலை, தலை" என்பாயே, அப்படி.

"அரே, நல்லாருக்கே! யாரு கத்துக்கொடுத்தது?" என்று கேதகி இந்தியில் கேட்டாள்.

"அப்பா."

"வாகட் ஃபிளாட்ல இதுக்கு என்ன வேலை?"

நான் டீ போடப் போய்விட்டேன். தண்ணீர் கொதித்து அடங்கிய பிறகும் அங்கேயே நின்றேன்.

ஏரவாடா குடிசையை மறைத்து, வசதியானவர்கள் இருக்கும் வாகட்டில் வீடு என்று ஆபீஸில் சொல்லிவைத்தது நான்தான். நீ இறந்த அன்று இவர்கள் எல்லோரும் வரக் கிளம்பினார்கள். உன்னைச் சொந்த ஊருக்கு எடுத்துப்போகிறோம் என்று பொய் சொல்லித் தடுத்ததும் நான்தான். நீ அப்போது நம் ஒற்றை அறையில் கிடந்தாய். ஊரார் தலைக்கெல்லாம் கை கொடுத்தவன் நீ. உனக்கு மாலை போட வந்தவர்களை நான் வாசலுக்கே வரவிடவில்லை. கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாயா?

அடுத்த மாதம் உன் முதல் வருடத் திதி. நேற்று கேதகிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லி, குழுவோடு திதிக்கு வரச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அட்ரஸ் அனுப்பு" என்றாள். கோபமா என்று தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

அம்மா பதறுகிறாள். "ஆபீஸ்காரங்கள எங்கடி உக்கார வைப்ப?" பாயில்தான், வேறெங்கே?

வாசலை உயர்த்த மாட்டேன்ப்பா. அவர்கள் வரும்போது உன் இடத்தில் நான் நிற்பேன். தகரம் என் கையில்தான் படும்.

உன் மூத்த மகள்,
செல்வி